ஜிஆர்இ கணிதமும் ஆங்கிலச் சொற்களும்: மலையகப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: “கணக்குத் தெரியும் அக்கா, ஆனால் கேள்வி விளங்கவில்லை.” நானும் அதே இடத்தில் நின்றவள். உயர்தரம் வரை தமிழ் மொழி மூலம் படித்தேன். பிறகு பேராதனையில் பொறியியல், அதன் பின் வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்காக ஜிஆர்இ என்ற நுழைவுப் பரீட்சை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது என் குரலில் சலிப்பு ஏறுவது எனக்கே கேட்கிறது. அது கேட்பவரின் குற்றமல்ல. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான்கு வருடம் ஆங்கிலத்தில்தானே பொறியியல் படித்தேன். இந்தப் பரீட்சையின் கணிதக் கேள்வி மட்டும் ஏன் விளங்கவில்லை?

பொறியியல் பீடத்தில் நீங்கள் கேட்ட ஆங்கிலம் வேறு, இந்தப் பரீட்சையில் வரும் ஆங்கிலம் வேறு. விரிவுரையில் லாப்லாஸ் மாற்றம், வகையீட்டுச் சமன்பாடு என்று பெரிய பெரிய விடயங்கள் வந்தன. அவற்றுக்கு ஆங்கிலப் பெயர் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஈவு, மீதி, ஒற்றை எண், இரட்டை எண், காரணி, மடங்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் யார் சொல்லித் தந்தார்கள்? அவற்றைப் பாடசாலையிலேயே தமிழில் முடித்துவிட்டோம். விரிவுரையாளர் அவற்றைத் தொடவே இல்லை. பெரிய சொல் தெரிந்து சின்னச் சொல் தெரியாமல் நிற்பது அதனால்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ‘குவோஷன்ட்’ என்றால் ஈவு என்று எனக்குத் தெரிந்தது பட்டம் பெற்று ஏழு மாதத்துக்குப் பிறகு.

கணிதப் பகுதியில் என்னதான் கேட்கிறார்கள்? தொகையீடு, தாயம் எல்லாம் மீட்ட வேண்டுமா?

வேண்டாம். எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், தரவுப் பகுப்பாய்வு, இவ்வளவுதான். வகையீடும் இல்லை, தொகையீடும் இல்லை, திரிகோணகணிதமும் இல்லை. நம் கணக்கில் சொன்னால் சாதாரண தரத்துக் கணிதம் பெரும்பகுதியை மூடிவிடும். 2023 செப்டம்பரில் பரீட்சையைச் சுருக்கிவிட்டார்கள். முழுப் பரீட்சையும் ஒரு மணி 58 நிமிடம். கணிதத்தில் இரண்டு பிரிவுகள்: முதலாவதில் 12 கேள்விகளுக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விகளுக்கு 26 நிமிடம். புள்ளி 130 முதல் 170 வரை. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடாதீர்கள். திரையில் ஒரு கணிப்பான் தருவார்கள்.

இணைந்த கணிதத்தில் சித்தி பெற்ற ஒருவருக்கு இதில் கணக்கு ஒரு பிரச்சினையே அல்ல. புள்ளி போவது வாசிப்பில்.

சொற்பட்டியல் எங்கே கிடைக்கும்? கொழும்பில் தடிப் புத்தகம் ஒன்று வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 10, தரம் 11 கணிதப் பாடநூல்களை ஆங்கில மொழி மூலப் பதிப்பில் தரவிறக்குங்கள். பணம் கட்டத் தேவையில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மூன்று மொழிகளிலும் கலைச்சொற்கள் இருக்கின்றன. நாம் பள்ளியில் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. நீங்கள் ஏற்கெனவே தமிழில் செய்த அதே பயிற்சியை ஆங்கிலத்தில் பார்க்கும்போது, கணக்கு உங்களுக்குத் தெரிந்ததாக இருப்பதால் சொல் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு பரீட்சையை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘மேத் ரிவியூ’வையும் ‘மேத் கன்வென்ஷன்ஸ்’ என்ற சிறு ஆவணத்தையும் வாசியுங்கள். இரண்டாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். கேத்திரகணித உருவங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆள்கூற்றுத் தளமும் எண்கோடும் அளவுப்படிதான் இருக்கும் என்ற விதிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எல்லாச் சொல்லும் சேர்ந்து ஒரு நாற்பது பக்கக் கொப்பிக்குள் அடங்கிவிடும்.

‘இன்டிஜர்’ என்றால் முழு எண்தானே?

நம் பாடநூலில் அது நிறைவெண். மறை எண்களும் பூச்சியமும் அதில் சேரும். முழு எண் என்று மனதில் பதித்துவிட்டால் மறைப் பக்கம் மறந்துபோகும், அங்கேதான் கேள்வி கேட்பவர் காத்திருப்பார்.

பூச்சியத்தைப் பற்றி மூன்று விடயங்களை நினைவில் வையுங்கள்: அது நிறைவெண், அது இரட்டை எண், அது நேரும் அல்ல மறையும் அல்ல. ஆகவே ‘பொசிட்டிவ்’ என்றால் பூச்சியம் வெளியே. ‘நொன்நெகட்டிவ்’ என்றால் பூச்சியம் உள்ளே. ‘பிரைம்’ என்பது முதன்மை எண். 1 முதன்மை எண் அல்ல, 2 மட்டுமே இரட்டையான முதன்மை எண்.

யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அவர்களின் சொற்கள் நம் புத்தகத்தில் இல்லை. எது சரி?

இரண்டும் சரி. அவர்கள் பகா எண் என்பதை நாம் முதன்மை எண் என்கிறோம். அவர்களின் இயற்கணிதம் நம் அட்சரகணிதம், அவர்களின் வடிவியல் நம் கேத்திரகணிதம், அவர்களின் அணி நம் தாயம், அவர்களின் முடுக்கம் நம் ஆர்முடுகல். இவற்றால் தொல்லை இல்லை, கேட்டவுடன் இது வேறு சொல் என்று தெரிந்துவிடும்.

தொல்லை தருவது ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருந்து பொருள் மாறும் இடம். நமக்கு நிறை என்றால் ‘வெயிட்’, அவர்களுக்கு நிறை என்றால் ‘மாஸ்’. நாம் ‘மாஸ்’ஸைத் திணிவு என்போம், அவர்கள் ‘வெயிட்’டை எடை என்பார்கள். நமக்கு வேகம் என்றால் ‘வெலொசிட்டி’, ‘ஸ்பீட்’ என்பது கதி. அவர்களுக்கு வேகம்தான் ‘ஸ்பீட்’, மற்றது திசைவேகம். நமக்கு அமுக்கம் ‘பிரெஷர்’, அழுத்தம் என்றால் மின்னியலில் வரும் ‘பொட்டென்ஷியல்’. அவர்களுக்கு அழுத்தமே ‘பிரெஷர்’. ‘பவர்’ நமக்கு வலு, அவர்களுக்குத் திறன். நாமோ திறன் என்றதும் வினைத்திறனை, அதாவது ‘எஃபிஷியன்சி’யை நினைப்போம்.

ஒரு மாணவர் ஒரு மாதம் முழுக்க இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். ‘மாஸ்’ என்று வந்த இடமெல்லாம் ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுத்து வைத்திருந்தார். கொப்பியைப் பார்த்தால் கை சுத்தம், கணக்கு அழகு, விடை எல்லாம் பிழை. ஆகவே என் ஆலோசனை: காணொளியை எங்கிருந்து வேண்டுமானாலும் பாருங்கள், ஆனால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ச் சொல்லோடு கட்டாதீர்கள், அலகோடு கட்டுங்கள். கிலோகிராம் என்றால் ‘மாஸ்’, நியூட்டன் என்றால் ‘வெயிட்’. அலகு கடல் கடந்தாலும் மாறாது.

‘லெஸ் தேன்’ வந்தாலே என் விடை தலைகீழாகிவிடுகிறது. ஏன் அக்கா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்பதை இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே எழுதுகிறோம்: முதலில் 5, பிறகு கழித்தல், பிறகு எக்ஸ். பிழை. சரியானது எக்ஸ் கழித்தல் 5. ஆங்கிலம் இங்கே வாலை முதலில் சொல்லித் தலையைப் பிறகு சொல்கிறது. (‘தேன்’ என்று எழுதினாலும் இந்தச் சொல் இனித்ததாக யாரும் இதுவரை சொன்னதில்லை.)

நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ் வாக்கியம் இந்த விடயத்தில் கணிதத்தின் வரிசையிலேயே நடக்கும். ‘எக்ஸை விட ஐந்து குறைவு’: எக்ஸ், பிறகு ஐந்து, பிறகு குறைத்தல். அப்படியே எழுதினால் சரி. ஆகவே ‘தேன்’, ‘ஆஃப்’, ‘ஆஸ்’ ஆகிய மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் அதற்குப் பின்னால் வருவதை முதலில் எடுங்கள், முன்னால் இருப்பதைப் பிறகு எடுங்கள்.

‘தேர் ஆர் ட்வைஸ் ஆஸ் மெனி விமென் ஆஸ் மென்’ என்ற வரியைப் பாருங்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆண்களைப் போல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் பாதிப்பேர் பெண்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அது ஆண்களின் எண்ணிக்கைக்குச் சமம் என்று எழுதுவார்கள். ஏனென்றால் ‘ட்வைஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘விமென்’ நிற்கிறது. அப்படியானால் 40 பெண்களுக்கு 80 ஆண்கள் வந்துவிடுவார்கள். எந்த மலையில் அப்படிப் பார்த்தீர்கள்? கடைசி ‘ஆஸ்’ஸுக்குப் பின்னால் இருக்கும் ஆண்களை எடுத்து இரண்டால் பெருக்கினால்தான் பெண்கள். எழுதி முடித்ததும் ஒரு சிறிய எண்ணைப் போட்டுப் பாருங்கள், தலைகீழாக இருந்தால் உடனே தெரியும்.

‘பை’, ‘டு’, ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ எல்லாம் சின்னச் சொற்கள்தானே, இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

சின்னச் சொற்கள்தான் புள்ளியைத் தின்பவை. ஆனால் மனப்பாடம் வேண்டாம், நம் வேற்றுமை உருபுகளோடு ஜோடி சேருங்கள். ‘பை’ என்றால் ஆல், ‘டு’ என்றால் ஆக, ‘ஆஃப்’ என்றால் இன், ‘ஃப்ரம்’ என்றால் இலிருந்து.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளப் போராட்டம் நம் வீடுகளில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயாக இருந்தபோது ஆயிரம் கேட்டோம். 700 இலிருந்து 1,000 ஆக உயர்வது ‘இன்கிரீஸ்ட் டு’. 300 ஆல் உயர்வது ‘இன்கிரீஸ்ட் பை’. ஒரே சம்பவம், இரண்டு எண்கள். தமிழில் யாரும் ‘300 ஆக உயர்ந்தது’ என்று சொல்லி ஏமாற மாட்டார்கள், தொழிற்சங்கக் கூட்டத்தில் சண்டையே வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லைக் கண் தாண்டிப் போய்விடுகிறது.

அதே எண்களில் சதவீதத்தையும் பாருங்கள். 1,000 என்பது 700 ஐ விட எத்தனை சதவீதம் அதிகம்? 300 ஐ 700 ஆல் வகுக்க, ஏறத்தாழ 43. 700 என்பது 1,000 ஐ விட எத்தனை சதவீதம் குறைவு? 300 ஐ 1,000 ஆல் வகுக்க, சரியாக 30. 1,000 என்பது 700 இன் எத்தனை சதவீதம்? ஏறத்தாழ 143. மூன்று கேள்விக்கும் மூன்று விடை. எதனால் வகுப்பது என்பதை முடிவுசெய்வது ‘தேன்’, ‘ஆஃப்’ ஆகியவற்றுக்குப் பின்னால் நிற்கும் எண். மேலே சொன்ன அதே விதி.

‘டிவைட்ஸ்’, ‘டிவைடட் பை’, ‘டிவைட் இன்டு’ மூன்றும் ஒன்றா?

இல்லை. ‘த்ரீ டிவைட்ஸ் ட்வெல்வ்’ என்றால் மூன்று பன்னிரண்டை மீதியின்றி வகுக்கும், அதாவது 3 ஒரு காரணி. ‘ட்வெல்வ் டிவைடட் பை த்ரீ’ என்றால் பன்னிரண்டை மூன்றால் வகுத்தல். ‘டிவைடட் இன்டு த்ரீ ஈக்குவல் பார்ட்ஸ்’ என்றால் மூன்று சம பங்குகளாகப் பிரித்தல்.

‘இன்டு’வில் இன்னொரு குழி இருக்கிறது. நம் ஊர் வகுப்புகளில் ‘டூ இன்டு சிக்ஸ்’ என்றால் பெருக்கல், விடை 12. அமெரிக்கரிடமோ ஆங்கிலேயரிடமோ சொன்னால் அவர் ஆறுக்குள் இரண்டு எத்தனை தடவை போகும் என்று நினைத்து 3 என்பார். பெருக்கலுக்கு அவர்கள் ‘டைம்ஸ்’ என்பார்கள். நேர்முகத்தில் வாய் தவறாமல் இருக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

‘அட் லீஸ்ட்’, ‘அட் மோஸ்ட்’, ‘இன்க்ளூசிவ்’, ‘டிஸ்டிங்க்ட்’, ‘ரெஸ்பெக்டிவ்லி’: இவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

‘அட் லீஸ்ட்’ ஆகக் குறைந்தது, ஆகவே அந்த எண்ணும் அதற்கு மேலும். ‘லீஸ்ட்’ என்ற ஒலியைக் கேட்டுச் சிறிது என்ற குறியைப் போட்டுவிடாதீர்கள். ‘அட் மோஸ்ட்’ ஆகக் கூடியது, ‘நோ மோர் தேன்’ என்பதும் அதுவே. ‘இன்க்ளூசிவ்’ என்றால் இரண்டு முனைகளும் சேரும்: 10 முதல் 50 வரை இரு முனையும் சேர்த்து 41 நிறைவெண்கள், சேர்க்காவிட்டால் 39. ‘டிஸ்டிங்க்ட்’ என்றால் ஒன்றுக்கொன்று வேறானவை. மூன்று இலக்க எண்கள் மொத்தம் 900, ஆனால் இலக்கங்கள் வேறு வேறாக இருக்க வேண்டுமென்றால் 648 தான். ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்பது நம் ‘முறையே’. தமிழ் மொழி மூலம் படித்தவர்களுக்கு அது பழகிய தோழன்.

அன்றாடச் சொற்கள் கணக்கில் வேறு பொருளில் வருகின்றன. ‘நெட்’ என்றால் வலை என்று நினைத்தேன்.

நானும் அப்படித்தான். இலாபத்துக்கும் வலைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு மாலை முழுவதும் அகராதியோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தராசில் 18 கிலோ நின்றதாம், சிட்டையில் 16 என்று எழுதியிருந்தது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிவு. “தராசில் நிற்பது ஒன்று, நம் கணக்கில் விழுவது வேறொன்று” என்று கொண்டையை முடிந்தபடி சொன்னார். தராசில் நின்றது ‘கிராஸ்’. கழித்தபின் எழுதப்பட்டது ‘நெட்’. அகராதியை மூடிவிட்டேன்.

இப்படிப்பட்ட மற்றவை: ‘மீன்’ என்றால் இடை, ‘மோட்’ என்றால் ஆகாரம், ‘மீடியன்’ என்றால் இடையம், ‘ரேஞ்ச்’ என்றால் வீச்சு. ‘ஆட்’ என்றால் விசித்திரம் அல்ல, ஒற்றை எண். ‘ஈவன்’ என்றால் இரட்டை எண். ‘ப்ரொடக்ட்’ என்றால் பெருக்கம், ‘டிஃபரன்ஸ்’ என்றால் கழித்து வரும் வித்தியாசம், ‘ரூட்’ என்றால் மூலம். ‘ஆவரேஜ்’ என்று வந்தால் அது இடையைத்தான் குறிக்கும்.

நம் ஆங்கிலம் பிரித்தானிய ஆங்கிலம், பரீட்சை அமெரிக்காவுடையது. வித்தியாசம் பெரிதா?

கணிதத்தில் சில இடங்களில் மட்டும். நாம் சரிவகத்தை ‘ட்ரபீசியம்’ என்று படித்தோம், அவர்கள் ‘ட்ரபீசொய்ட்’ என்பார்கள். அமெரிக்க வழக்கில் ‘ட்ரபீசியம்’ என்பது சமாந்தரப் பக்கமே இல்லாத நாற்பக்கல், ஆகவே கவனம். சுட்டிக்கு நாம் ‘இன்டெக்ஸ்’ என்றால் அவர்கள் ‘எக்ஸ்போனன்ட்’. அடைப்புக்குறி நமக்கு ‘பிராக்கெட்’, அவர்களுக்கு ‘பரென்தசிஸ்’. ஒரு பில்லியன் நூறு கோடி.

படித்திறனுக்கு நாம் ‘கிரேடியன்ட்’ என்போம், அவர்கள் ‘ஸ்லோப்’ என்பார்கள். இந்தச் சொல்லை மலையகத்துப் பிள்ளை மறக்கவே கூடாது. நம் மலைநாட்டு ரயில் பாதையின் ஏற்றம் கடுமையான இடங்களில் 44 க்கு 1: நாற்பத்து நான்கு அடி முன்னே போனால் ஓரடி மேலே. சதவீதத்தில் 2.3 அளவு. ஜன்னலில் பார்த்தால் சமதரை போலத்தான் தெரியும், எஞ்சின் மூச்சு வாங்குவதைக் கேட்டால்தான் ஏற்றம் புரியும். ‘ரைஸ்’ஸை ‘ரன்’னால் வகுப்பதுதான் ‘ஸ்லோப்’.

பொறியியல் சொற்கள் பரீட்சையில் வருமா? தகைப்பு, விகாரம் எல்லாம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமா?

ஜிஆர்இ கணிதத்தில் வராது. எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதும் பொதுப் பரீட்சை அது. வாசிப்புப் பந்திகளில் அறிவியல் வரலாம், ஆனால் விடைக்கு வேண்டியது பந்திக்குள்ளேயே இருக்கும். துறைச் சொற்கள் வேண்டியது இந்தியாவின் கேட் போன்ற பரீட்சைக்கு. அது மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 புள்ளிகள், பெரும்பகுதி உங்கள் சொந்தத் துறையிலிருந்து. பேராசிரியர்களுக்கு எழுதும் கடிதத்துக்கும் நேர்முகத்துக்கும் துறைச் சொற்கள் எப்படியும் வேண்டும்.

அங்கே கவனிக்க வேண்டியது, தமிழில் ‘உறுதி’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடும் நான்கு ஆங்கிலச் சொற்கள். கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுங்கள். அலகின் விளிம்பு இலகுவில் கீறுப்படாது, பள்ளம் விழாது: ‘ஹார்ட்னஸ்’. தடித்த கிளையில் வெட்டும்போது அலகு வளைந்து கொடுக்காது: ‘ஸ்டிஃப்னஸ்’. முறிவதற்கு முன் எவ்வளவு தகைப்பை, அதாவது ‘ஸ்ட்ரெஸ்’ஸை, தாங்கும் என்பது ‘ஸ்ட்ரெங்த்’. கல்லில் தவறிப் பட்டால் சில்லாகத் தெறிக்காமல் அந்த அடியின் சக்தியை விழுங்கிக்கொள்வது ‘டஃப்னஸ்’. கண்ணாடிக்கு முதல் இரண்டும் உண்டு, கடைசியானது இல்லை. அகராதி நான்குக்கும் ஏறத்தாழ ஒரே விளக்கம் தரும். கத்தி தராது.

இன்னொரு சொல் ‘ஹெட்’. நீர்மின்னியல் பந்தி ஒன்றை மொழிபெயர்த்த மாணவி ‘நீரின் தலை’ என்று எழுதியிருந்தார். அவர் வீட்டிலிருந்து பார்த்தால் 150 மெகாவாட் தரும் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணைக்கட்டு தெரியும். நீர்மட்டத்துக்கும் சுழலிக்கும் இடையிலான உயரமே ‘ஹெட்’.

‘மஸ்ட் பி ட்ரூ’, ‘குட் பி ட்ரூ’ இரண்டிலும் ஒரே விடையைத்தான் போடுகிறேன். பாதி பிழைக்கிறது.

‘மஸ்ட்’ என்றால் எந்த எண்ணைப் போட்டாலும் உண்மையாக வேண்டும். ‘குட்’ என்றால் ஏதாவது ஒரு எண்ணுக்கு உண்மையானால் போதும். ஆகவே வேலையும் மாறுகிறது: முதலாவதில் பொய்யாக்கும் ஓர் எண்ணைத் தேடுகிறீர்கள், இரண்டாவதில் மெய்யாக்கும் ஓர் எண்ணைத் தேடுகிறீர்கள். தேடும்போது பூச்சியம், மறை எண், பின்னம் ஆகிய மூன்றையும் போட்டுப் பாருங்கள். நாம் 2, 3, 5 என்று நல்ல பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கிறோம்.

இரண்டு கணியங்களை ஒப்பிடும் கேள்வி வகையிலும் இதுதான். எக்ஸின் வர்க்கம் 9 என்று தந்து, எக்ஸ் பெரிதா 3 பெரிதா என்று கேட்டால், ‘தீர்மானிக்க முடியாது’ என்பதே விடை, ஏனென்றால் எக்ஸ் மறை 3 ஆகவும் இருக்கலாம். ஆனால் 9 இன் வர்க்கமூலக் குறியைப் போட்டுத் தந்தால் அது நேர் 3 மட்டுமே. இந்த வழக்கும் மேலே சொன்ன ‘கன்வென்ஷன்ஸ்’ ஆவணத்தில் இருக்கிறது.

மனதுக்குள் தமிழில் மொழிபெயர்த்துத்தான் செய்கிறேன். நேரம் போதவில்லை. அந்தப் பழக்கத்தை விட வேண்டுமா?

விட வேண்டாம், அளவைக் குறையுங்கள். ஒரு கேள்விக்கு முதல் பிரிவில் ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கிறது. அதற்குள் முழுப் பந்தியையும் தமிழாக்கினால் விடிந்துவிடும். கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். பிறகு தொடர்பைச் சொல்லும் அந்த ஒரு துண்டை மட்டும், அதாவது ‘தேன்’, ‘ஆஃப்’, ‘பை’ இருக்கும் துண்டை, தமிழுக்குத் திருப்புங்கள். ‘ஒரு வியாபாரி’, ‘ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள்’ போன்றவற்றைத் தமிழாக்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

தமிழில் யோசிப்பது தாழ்வு என்று யாராவது சொன்னால் மேலே ‘லெஸ் தேன்’ பற்றி எழுதியதைக் காட்டுங்கள்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்கள். லயத்து வீட்டில் முடியுமா?

விதிப்படி முடியும், நடைமுறையில் கடினம். கணினியும் கமெராவும் வேண்டும். அறையில் நீங்கள் மட்டும் இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், தொடங்கும் முன் அறை முழுவதையும் கமெராவில் காட்ட வேண்டும். கட்டிலில் உட்கார முடியாது, நாற்காலியும் மேசையும் வேண்டும். சாதாரணத் தாளில் குறிப்பெழுத விடமாட்டார்கள். சிறிய வெள்ளைப் பலகையோ கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்த தாளோ, அழிக்கக்கூடிய பேனாவோடு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் தாண்டி வரும்போது இதை எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் போனால் யாரைக் கேட்பது? முடிந்தால் முதல் நாளே கொழும்புக்குப் போய்த் தங்கி, நிலையத்தில் எழுதுங்கள். ஆனால் வெள்ளைப் பலகையை எப்படியும் வாங்கி வையுங்கள், பயிற்சிக்கு அதைவிட மலிவான சாமான் இல்லை.

ஒரு தடவை பிழைத்தால் எல்லாம் போய்விடுமா?

போகாது. 21 நாட்களுக்குப் பிறகு மறுபடி எழுதலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து தடவை வரை. எந்தத் தடவையின் புள்ளியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதும் உங்கள் விருப்பம். புள்ளி ஐந்து வருடம் செல்லும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இருநூறு டொலருக்கு மேல் கட்டணம், நம் வீடுகளில் அது சிறிய தொகை அல்ல. ஆகவே இடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு ‘பவர்பிரெப்’ மாதிரிப் பரீட்சைகளையும் நேரம் வைத்து எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

மாதிரிப் பரீட்சை முடிந்ததும் எத்தனை சரி என்று மட்டும் பார்க்காதீர்கள். பிழைத்த ஒவ்வொரு கேள்வியிலும் உங்களை விழுத்திய சொல் எது என்று கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதுங்கள். கணக்குத் தெரியாமல் பிழைத்ததா, சொல் தெரியாமல் பிழைத்ததா என்று இரண்டு நிரல் போதும். என் கொப்பி இன்னும் இருக்கிறது. கணக்கு நிரலில் நான்கு வரிகள். மற்ற நிரலின் முதல் பக்கத்தில் ‘தேன்’ மட்டும் பதினொரு தடவை.